பாதுகாப்புச் சட்டமூலங்களும் வாசிப்பவர் கடமையும்

கவிதை நூலொன்று வெளிவந்தால் அதனைப் பற்றி நாம் எழுதுகிறோம். புதினம் வந்தால் அதன் பாத்திரங்கள் உயிரோடு நடமாடுகின்றனவா என்று ஆராய்கிறோம். ஒரு சொல் இடம் மாறி நின்றாலும் அதனைச் சுட்டிக்காட்டாமல் விடுவதில்லை. ஆனால், அரசாங்க வர்த்தமானியில் நம் மொழியிலும் அச்சாகி வெளிவரும் சட்டமூலங்களை நம்மில் எத்தனை பேர் வாசிக்கிறோம்? அவை வழக்கறிஞர்களின் உடைமை என்று ஒதுக்கி வைத்துவிட்டோம். கவிதையில் ஒரு சொல் பிழைத்தால் சுவை குன்றும். சட்டத்தில் ஒரு சொல் தளர்ந்தால் ஒருவன் சிறையில் கிடப்பான். சொல்லையே தொழிலாகக் கொண்டவர்கள் முன்னதை மட்டும் படித்துப் பின்னதைப் படிக்காமல் இருப்பது எவ்வகையில் நியாயம்?

இலங்கையில் தேசியப் பாதுகாப்பின் பேரால் சட்டமூலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபடி உள்ளன. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக ஒரு சட்டமூலம் 2018 இல் வர்த்தமானியில் வெளியானது, பின்னர் கைவிடப்பட்டது. 2023 மார்ச்சில் மற்றொன்று வந்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பைக் கண்டு, அதே ஆண்டு செப்டம்பரில் திருத்திய வடிவம் வெளியாயிற்று. அது 2024 ஜனவரியில் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. அதன் சில வாசகங்கள் அரசியலமைப்போடு பொருந்தாதவை என உயர் நீதிமன்றம் கருத்துரைத்தது. அதுவும் சட்டமாகவில்லை. பெயரும் இலக்கமும் மாறி வரைவுகள் இனியும் வரும். ஆகவே, குறித்த ஒரு வரைவை மட்டும் பிடித்துக்கொண்டு குறை நிறை கூறுவதைவிட, இவ்வகை எழுத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்று ஆராய்வதே பயன் தரும். அந்த நோக்கத்தோடுதான் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

பாதுகாப்பு வேண்டாம் என்பார் யார்?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பாதுகாப்புச் சட்டங்களைக் குறை கூறுவோர் பாதுகாப்பின் அருமையை அறியாதவர்கள் என்ற பழி எளிதில் சுமத்தப்படுகிறது. இந்நாட்டு முஸ்லிம்களைப் பொறுத்தவரை அப்பழி பொருந்தாது. 1990 ஆகஸ்ட் 3 ஆம் நாள் இரவு, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுது நின்றவர்கள்மீது விடுதலைப் புலிகள் துப்பாக்கி ஏந்திப் புகுந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு ஒக்டோபரில், வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் பிறந்த மண்ணைவிட்டுத் துரத்தப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். ஆயுதம் ஏந்திய கூட்டத்தின் முன் அரசின் காவல் இல்லாமற் போவதென்றால் என்ன என்பதை நம் மக்கள் நூலில் படித்து அறியவில்லை. உடல் நோக உணர்ந்து அறிந்தார்கள்.

ஆனால் இங்கே நின்று சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த ஆகஸ்ட் இரவில் பயங்கரவாதத் தடைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அதற்கு அப்போது பதினோரு வயது. அவசரகாலச் சட்டவிதிகளும் இருந்தன. அதிகாரத்தில் ஒரு குறையும் இல்லை. தொழுது நின்றவர்களுக்குக் காவல்தான் இல்லை. சட்டத்தில் அதிகாரம் பெருகினால் மக்களுக்குப் பாதுகாப்பும் பெருகும் என்ற கணக்கு அன்றே பிழைத்துப் போயிற்று.

'தற்காலிகம்' என்ற சொல்

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் முழுப் பெயரை வாசித்துப் பாருங்கள். 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க, பயங்கரவாதத்தைத் தடுத்தல் (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் என்றிருக்கும். அடைப்புக்குறிக்குள் நிற்கும் அந்த ஒரு சொல்லின் வரலாறே இச்சட்டத்தின் வரலாறு எனலாம்.

சட்டத்தின் 29 ஆம் பிரிவு, இச்சட்டம் மூன்று ஆண்டுகளுக்கே நடைமுறையில் இருக்கும் என்று கூறியது. 1982 இல் இயற்றப்பட்ட திருத்தச் சட்டம் அப்பிரிவை நீக்கிவிட்டது. கால எல்லை போயிற்று. பெயரில் இருந்த 'தற்காலிகம்' மட்டும் போகவில்லை. குழந்தைக்கு இட்ட செல்லப் பெயர் கிழவனாகும்வரை ஒட்டிக்கொண்டிருப்பதைப் போல, நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் அச்சொல் அங்கேயே நின்றது.

இச்சட்டம் பிறந்த விதத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். 1978 அரசியலமைப்பின் 122 ஆம் உறுப்புரையின்படி, தேசிய நலன் கருதி அவசரமானது என அமைச்சரவை சான்றளித்த சட்டமூலத்தை உயர் நீதிமன்றம் 24 மணி நேரத்துக்குள், அல்லது ஜனாதிபதி குறிப்பிடும் மூன்று நாளுக்கு மேற்படாத காலத்துக்குள், ஆராய்ந்து முடிக்க வேண்டியிருந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டம் அவ்வழியாகவே வந்தது. மக்கள் படிப்பதற்கு முன்பே சட்டமாகி முடிந்தது. ஓராண்டு இருந்து எழுதும் புதினத்துக்கு ஒரு மாதம் இருந்து மதிப்புரை எழுதுகிறவர்கள் நாம். மனிதரின் சுதந்திரத்தைத் தீர்மானிக்கும் எழுத்துக்கு ஓர் இரவும் ஒரு பகலும் போதுமென்றாயிற்று!

இதற்கும் முன்னோடியாக மற்றொரு சட்டம் உண்டு. 1947 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அது. நாடு சுதந்திரம் அடைவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், அரசாங்க ஊழியரின் பெரும் வேலைநிறுத்தம் நடந்த நாட்களில், அன்றைய அரசாங்க சபை அதனை நிறைவேற்றியது. வெள்ளையன் போன பின்னும் அவன் காலத்துச் சட்டம் போகவில்லை. 1983 முதல் 2011 வரையான காலத்தில், சில இடைவெளிகள் நீங்கலாக, நாடு அச்சட்டத்தின் கீழான அவசரகால நிலையிலேயே இருந்தது. ஒரு தலைமுறை பிறந்து, பள்ளி சென்று, மணமுடித்துப் பிள்ளை பெறும் காலம் அது. இதற்கு 'அவசரம்' என்று பெயரிட நம் மொழி எப்படி இசைந்தது?

சொற்கள் பொருளை இழப்பது இலக்கியத்தில் மட்டும் நேரும் நோய் அன்று. சட்டத்தில் அந்நோய் வந்தால் அதன் வலியைச் சிறையில் இருப்பவன் படுகிறான்.

வாசிக்கப்படாத கடிதம்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் உல்லாச விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இசுலாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு அக்கொடுமையைச் செய்தவர்கள் நம் சமுதாயத்தில் பிறந்தவர்களே. அதனை நாம் மறைக்கவும் முடியாது; மறக்கவும் கூடாது.

ஆனால் அதன் முன்கதையை நோக்குங்கள். ஏப்ரல் 4 ஆம் நாளே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. 11 ஆம் நாள் பெயர்களைக் குறித்துப் பொலிஸ் திணைக்களத்துக்குள்ளேயே கடிதம் ஒன்று சுற்றுக்கு விடப்பட்டது. அதற்கும் வெகுகாலம் முன்னரே, அக்கூட்டத்தின் தலைவனைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே முறையிட்டிருந்தார்கள். முறையீடு இருந்தது, எச்சரிக்கை இருந்தது, கைது செய்யப் போதிய சட்டமும் இருந்தது. படித்ததைப் பொருட்படுத்திச் செயற்படுவார்தாம் இல்லை.

2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் இதனை ஐயத்துக்கு இடமின்றிக் கூறியது. தாக்குதலைத் தடுக்கத் தவறியதன் மூலம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பாதுகாப்பு, பொலிஸ், புலனாய்வுத் துறைகளின் உயர் அலுவலர்களும் மக்களின் அடிப்படை உரிமையை மீறினர் என்று தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மட்டும் 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமென்று பணித்தது.

இத்தீர்ப்பு புதிய சட்டமூலங்களை மதிப்பிட நமக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. நடந்த தவறு அதிகாரக் குறைவால் நேர்ந்ததன்று. கடமைத் தவறால் நேர்ந்தது. அவ்வாறாயின், அதன் பின் எழுதப்படும் சட்டமூலத்தில் எதனை எதிர்பார்ப்போம்? எச்சரிக்கை வந்தால் அதனை யார் பெறுவது, எத்தனை மணி நேரத்துக்குள் யாருக்கு அறிவிப்பது, அறிவிக்கத் தவறினால் என்ன விளைவு என்பவற்றை அல்லவா எதிர்பார்ப்போம்? 2023 வரைவுகளைப் புரட்டினால், தடுப்புக்காவல் கட்டளை, கட்டுப்பாட்டுக் கட்டளை, தடை செய்யப்பட்ட இடங்கள், ஊரடங்கு, அமைப்புகளைத் தடை செய்தல் என்று அதிகாரங்களே பக்கம் பக்கமாக வருகின்றன. நோய் ஓரிடத்தில் இருக்க, மருந்து வேறிடத்தில் பூசப்படுகிறது.

பிழையாக வாசிக்கப்பட்டவை

வாசிக்க வேண்டியதை வாசிக்காதவர்கள், பின்னர் எவற்றையெல்லாம் வாசிக்கப் புறப்பட்டார்கள் என்பதையும் காண்போம்.

2019 மே மாதம் ஹசலக்கவில் முஸ்லிம் பெண்மணி ஒருவர் கைதானார். அவர் உடுத்திருந்த ஆடையில் அச்சிடப்பட்டிருந்த கப்பலின் சுக்கான் சக்கரத்தைப் பௌத்தரின் தர்மச் சக்கரம் என்று கண்டார்கள். மூன்று வாரமளவில் அவர் விளக்கமறியலில் இருந்தார். அவரது உரிமை மீறப்பட்டதென்று உயர் நீதிமன்றம் பின்னாளில் கூறியது. அதே ஆண்டு ஏப்ரல் முதல் நாள், உயிர்த்த ஞாயிறுக்கு முன்பே, சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார சிறுகதை ஒன்றுக்காகக் கைது செய்யப்பட்டார். நான்கு மாதத்துக்கு மேல் சிறையிருந்தார். இவ்விரு கைதுகளுக்கும் எடுத்தாளப்பட்ட சட்டம் எதுவென்று அறிந்தால் வியப்பீர்கள். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் பெயரால் 2007 இல் இயற்றப்பட்ட சட்டம் அது. உரிமையைக் காக்கப் பிறந்த சொற்களே உரிமையைப் பறித்தன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

மூன்றாவது நிகழ்ச்சி நம் இலக்கிய உலகைச் சேர்ந்தது. மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம், 2017 இல் 'நவரசம்' என்னும் தமிழ்க் கவிதை நூலை வெளியிட்டார். 2020 மே மாதம் அவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். அந்நூல் தீவிரவாதத்தைப் போதிக்கிறது என்றார்கள். தமிழ் கற்றறிந்தவர்கள் அதனைப் படித்து, அப்படி ஒன்றும் அதில் இல்லை என்று எழுதினார்கள்; வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அதில் இருப்பதை எடுத்துக்காட்டினார்கள். ஆயினும் 2021 டிசம்பரில்தான் அவருக்குப் பிணை கிடைத்தது. ஏறத்தாழ 19 மாதங்கள் சிறையில் கழிந்தன. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

தமிழ்க் கவிதை ஒன்று குற்றமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கத் தமிழ்க் கவிதையை அறிந்தவரிடம் முதல் நாளே கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதன் 2 ஆம் பிரிவு, பேசப்படும் சொல்லாலோ படிக்கப்படும் சொல்லாலோ குறியாலோ சமூகங்களுக்கிடையே பகையுணர்வைத் தூண்டுவதும் குற்றம் என்கிறது. 'பகையுணர்வு' என்பதை எவ்வாறு அளப்பது? கவிஞன் 'வாள்' என்று எழுதினால் அது இரும்பா, உவமையா? நவரசம் என்றால் அதில் வீரமும் உண்டு, கோபமும் உண்டு. ஒன்பது சுவையில் ஒன்றிரண்டைத் தனியே பிய்த்தெடுத்து வழக்குத் தொடுக்கலாம் என்றால், தமிழில் தப்பும் நூல் எது?

மொழியின் இடர் நூலோடு நிற்கவில்லை. இச்சட்டத்தின் 16 ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அலுவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கிறது. அது பலவந்தத்தால் பெறப்பட்டது என்று காட்டும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவன் தலையில் விழுகிறது. 1993 இல் கைதான தமிழ் இளைஞர் ஒருவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். மொழிபெயர்த்தவர் பொலிஸ்காரர். அவ்வாக்குமூலத்தைக் கொண்டு 1995 இல் அவருக்கு 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாயிற்று. நேர்மையான விசாரணைக்குரிய அவரது உரிமை மீறப்பட்டதென ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004 இல் கூறியது. தன் வாக்குமூலத்தைத் தானே வாசிக்க முடியாத மனிதன்! இதைவிடக் கொடிய துன்பியலை எந்த நாடக ஆசிரியன் படைத்தான்?

வரைவுகளில் நல்லதும் அல்லதும்

நடுநிலை நின்று நோக்கினால் புதிய வரைவுகளில் பாராட்டத்தக்கவையும் உண்டு. பொலிஸாரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக்கும் அந்தப் பழைய ஏற்பாட்டை 2023 வரைவு தொடரவில்லை. இது சிறிய ஆதாயமன்று. பழைய சட்டத்தின்படி அமைச்சரின் கட்டளையால் ஒருவரை 18 மாதம்வரை தடுத்து வைக்கலாம். 2022 ஆம் ஆண்டின் திருத்தம் அதனை 12 மாதமாகக் குறைத்தது. இதுவும் ஒரு முன்னேற்றமே.

ஆனால் மறுபுறமும் உண்டு. 2023 மார்ச் வரைவு, தடுப்புக்காவல் கட்டளையிடும் அதிகாரத்தைப் பிரதிப் பொலிஸ் மா அதிபருக்கு வழங்கியது. பாராளுமன்றத்துக்குப் பதில் கூற வேண்டிய அமைச்சரிடமிருந்து, கைது செய்யும் திணைக்களத்திடமே அவ்வதிகாரம் போய்ச் சேர்ந்தது. பிடிப்பவரே பூட்டவும் செய்வார் என்றால் சரிபார்ப்பவர் யார்? எதிர்ப்பு எழுந்ததும் செப்டம்பர் வரைவு அதனைப் பாதுகாப்பு அமைச்சின் செயலாளருக்கு மாற்றியது. மரண தண்டனையும் நீக்கப்பட்டது. பொதுமக்கள் படித்துக் குரல் கொடுத்தால் வரைவு மாறும் என்பதற்கு இதுவே சான்று.

மாறாமல் நின்றது எது? பயங்கரவாதம் என்பதன் வரைவிலக்கணம்தான். அச்சுறுத்தும் நோக்கம், அரசாங்கத்தை ஒன்றைச் செய்யவோ செய்யாதிருக்கவோ வற்புறுத்தும் நோக்கம் என்ற தொடர்கள் அதில் உண்டு. அரசாங்கத்தை ஒன்றைச் செய்ய வற்புறுத்துவதற்குத்தானே வேலைநிறுத்தமும் ஊர்வலமும்? அத்தகைய செயல்களுக்கு விலக்கு உண்டென்று வரைவை ஆக்கியோர் கூறலாம். விலக்கைக் கோரி நிரூபிக்கும் நாள்வரை மனிதன் எங்கே இருப்பான்? இலக்கணத்தில் விதி அகன்றும் புறனடை ஒடுங்கியும் இருந்தால் அதனை நல்ல இலக்கணம் என்று எந்த ஆசிரியரும் சொல்லமாட்டார்.

ஆயத்தம் என்பது எது?

பாதுகாப்போடு சேர்த்துப் பேசப்படும் மற்றொன்று அவசரகால ஆயத்தம். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை நம் கரையைத் தொடுமுன், நிலநடுக்கத்துக்கும் அலைக்கும் இடையே ஒன்றரை மணி நேரம் இருந்தது. எச்சரிக்க ஏற்பாடில்லை. முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஊர்கள் சிதைந்தன. அதன் பின் 2005 இல் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் பிறந்தது. தேசிய சபை ஒன்று, முகாமைத்துவ நிலையம் ஒன்று, திட்டங்கள் வகுக்கும் பொறுப்பு என அது அரசுக்குக் கடமைகளை விதித்தது. பாதுகாப்புச் சட்டம் மக்களை நோக்கி அதிகாரம் பேசுகிறது. ஆயத்தச் சட்டம் ஆட்சியாளரை நோக்கிக் கடமை பேசுகிறது. இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டினால் அதிகாரம் தங்கும், கடமை நழுவும்.

கொள்ளைநோய்க் காலம் இதனை மெய்ப்பித்தது. 2020 ஏப்ரல் 11 இல், 1897 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வெளியான ஒழுங்குவிதி, கொரோனாவில் இறந்த அனைவரையும் எரிக்க வேண்டும் என்றது. அடக்கமும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் கூறியிருந்தது. அது பொருட்படுத்தப்படவில்லை. ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன, பிறந்து இருபதே நாளான பச்சிளங்குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்துக்குச் சென்ற மனுக்கள் 2020 டிசம்பரில் விசாரணைக்கு எடுக்கப்படாமலே தள்ளுபடியாயின. பொரளை மையவாடியின் வேலியில், எல்லா மதத்தவரும் வந்து கஃபன் துணியின் நினைவாக வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரியில் ஒழுங்குவிதி மாற்றப்பட்டது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. மன்னிப்பு வந்தபோது எரிந்தவை எரிந்து முடிந்திருந்தன.

இந்த ஒழுங்குவிதியைப் பாராளுமன்றம் விவாதித்து இயற்றவில்லை. அது அமைச்சரின் கையொப்பத்தால் வந்தது. அவசரகாலப் பிரமாணங்களும் அவ்வாறே. அரசியலமைப்பைத் தவிர ஏனைய எச்சட்டத்தையும் மீறி நிற்கும் வலிமை அவற்றுக்கு உண்டு. 2022 ஜூலையில் அன்றைய பதில் ஜனாதிபதி பிறப்பித்த அவசரகாலப் பிரகடனம் அடிப்படை உரிமைகளை மீறியது என்று உயர் நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது 2025 ஜூலையில். தீர்ப்பு வர மூன்றாண்டு ஆயிற்று. 2025 நவம்பர் இறுதியில் 'தித்வா' புயல் வெள்ளத்தையும் மண்சரிவையும் கொணர்ந்தபோது, அனர்த்தத்துக்கென்றே இயற்றிய 2005 ஆம் ஆண்டின் சட்டம் இருந்தும், 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. புயலின் கொடுமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால், இருபது ஆண்டு கையில் இருந்த கருவி வேளை வந்தபோது போதாதென்றானால், அதனைக் கூர் தீட்டாதவர் யார் என்று கேட்க வேண்டாமா?

ஓர் ஆட்சேபனை

'வீடு பற்றி எரியும்போது இலக்கணம் பார்த்துக் கொண்டிருக்க முடியுமா?' என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். தீ எரியும் வேளையில் யாரும் இலக்கணம் பார்க்க முடியாது. அதனால்தான் தீ இல்லாத நாளில் பார்க்க வேண்டும் என்கிறோம். ஆயத்தம் என்ற சொல்லின் பொருளே அதுதான். வெள்ளம் வருமுன் அணை கோலுவோர், அணையின் மதகு யார் கையில் இருக்கும் என்பதையும் முன்னரே முடிவு செய்வார்கள்.

ஆகவே, பாதுகாப்பின் பேரால் வரும் எந்த வரைவையும் நான்கு கேள்விகளோடு வாசிக்க வேண்டும். ஒன்று, இச்சட்டம் எந்த நாளில் முடிவடையும்? முடிவு நாள் இருந்தால் அதனை நீட்டும் உரிமை யாருக்கு? இரண்டு, ஒரு சொல்லையோ படத்தையோ நூலையோ குற்றமென்று சொல்லுமுன், அந்த மொழியும் மரபும் அறிந்தவரைக் கேட்க வேண்டும் என்று விதி உண்டா? மூன்று, கைதானவர் தனக்கு விளங்கும் மொழியில் கட்டளையைப் பெற்று, எத்தனை மணி நேரத்தில் நீதிவான் முன் நிற்பார்? அந்த நீதிவானுக்கு விடுவிக்கும் அதிகாரம் உண்டா, முத்திரை குத்தும் வேலை மட்டுமா? நான்கு, எச்சரிக்கையைப் பெற்றும் செயற்படாத அலுவலருக்கு என்ன பொறுப்பு? இந்நான்குக்கும் விடை தரும் சட்டமூலம் வந்தால் அதனை வரவேற்பதில் நமக்குத் தயக்கம் இருக்கக் கூடாது.

நம் பக்கத்துக் குறை

பிறர் குறையை இவ்வளவு பேசிய பின், நம் குறையைப் பேசாமல் முடிப்பது நேர்மை ஆகாது. 1979 முதல் நாற்பது ஆண்டுகள், இச்சட்டத்தின் கீழ் பெரும்பாலும் தமிழ் இளைஞர்களே சிறை சென்றார்கள். தாய்மார் படங்களை ஏந்தி வீதியோரம் அமர்ந்திருந்ததை நாம் கண்டோம். நம்மில் சிலர் பேசினார்கள், பலர் பேசவில்லை. வடக்கில் நமக்கு இழைக்கப்பட்ட கொடுமை நம் நெஞ்சை இறுக்கியிருந்தது உண்மை. ஆயினும், புலிகள் செய்த கொடுமைக்கு, வாக்குமூலத்தை வாசிக்கத் தெரியாத ஓர் இளைஞன் எப்படிப் பொறுப்பாவான்? 2019 இல் அதே சட்டம் நம் வீட்டுக் கதவைத் தட்டியபோதுதான் அதன் பிரிவுகளை எண்ணத் தொடங்கினோம். அடுத்தவன் வழக்கில் படிக்காத பாடத்தை நம் வழக்கில் படித்தோம். இலக்கியவாதிகளுக்கு இது பெருமை தருவதன்று. பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக வாசிக்கப் பழக்குவதற்குத்தானே இலக்கியம்?

இறுதியாக, வாசகர் மனத்தில் பதிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நம் அரசியலமைப்பின் 80 ஆம் உறுப்புரைப்படி, சபாநாயகரின் சான்று பெற்றுச் சட்டமாகிவிட்ட ஒன்றின் செல்லுபடித்தன்மையைப் பின்னர் எந்த நீதிமன்றத்திலும் எதிர்த்துக் கேட்க முடியாது. சட்டமூலமாக இருக்கும் அந்தச் சில நாட்களில் மட்டுமே, 121 ஆம் உறுப்புரையின் கீழ் எந்தக் குடிமகனும் உயர் நீதிமன்றத்தை நாடலாம். நூல் அச்சேறிய பின் விமரிசனம் எழுதிப் பழகிய நமக்கு இது வேறுவகையான வேலை. இங்கே அச்சேறிய பின் எழுதும் விமரிசனத்தால் சட்டத்தின் ஓர் எழுத்தும் மாறாது.

அடுத்த வரைவு வர்த்தமானியில் வரும் நாளில், பள்ளிவாசல் நிருவாகிகளும் வாசகர் வட்டத்தாரும் ஆசிரியர்களும் அதன் தமிழ்ப் பிரதியைக் கையில் எடுத்து, வரி வரியாகக் கூடியிருந்து படிக்க வேண்டும். விளங்காத சொல்லை அடிக்கோடிட்டு வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும். சிங்களப் பிரதியும் தமிழ்ப் பிரதியும் ஒத்திருக்கின்றனவா என்று இரண்டும் அறிந்த நண்பரோடு சரிபார்க்க வேண்டும். அயலூர்த் தமிழரையும் அந்த அவையில் அழைத்து இருத்த வேண்டும். இந்தச் சட்டத்தை நம்மைவிட நீண்ட காலம் அறிந்தவர்கள் அவர்களே.